அரிசி ஆலைக்கும் கராச்சுக்கும் பிசின் தரை: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களில் அரிசி ஆலை, வாகனத் திருத்தகம், பால் குளிரூட்டும் நிலையம், மீன் கொட்டகை, களஞ்சியம் என்பவற்றை நடத்துவோர் தரை போடுவதற்கு முன்னரும், போட்ட தரை கிளம்பிய பின்னரும் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பிசின் தரை என்பது கொங்கிறீற்றுக்கு மேல் எப்பொக்சி போன்ற செயற்கைப் பிசினைப் போட்டு இறுகவைக்கும் மேற்பரப்பு. எந்தப் பிசின் நல்லது என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். ஆனால் பணம் வீணாவது பெரும்பாலும் பிசினுக்குக் கீழே இருக்கும் கொங்கிறீற்றில். ஆகவே 6ஆம் கேள்வியிலிருந்து 9ஆம் கேள்வி வரை பதில்கள் சற்று நீண்டிருக்கும்.

1. எப்பொக்சி எண்டால் விலை கூடின பெயின்ற்தானே? சீமெந்துத் தரையை அப்பிடியே விட்டால் என்ன?

பெயின்ற் காய்வது அதிலுள்ள நீரோ கரைப்பானோ ஆவியாகிப் போவதால். எப்பொக்சி அப்படிக் காய்வதில்லை. ஒரு டின்னில் பிசினும் இன்னொரு டின்னில் இறுக்கியும் வரும். குறித்த விகிதத்தில் இரண்டையும் கலந்தவுடன் அவை ஒன்றோடொன்று வினைபுரிந்து, பிறகு உருக்கவோ கரைக்கவோ எளிதில் முடியாத திண்மமாக இறுகுகின்றன. விகிதம் பிழைத்தால் எத்தனை நாள் காத்திருந்தாலும் அது இறுகாது, பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

சீமெந்துத் தரையை அப்படியே விடுவதும் பல இடங்களில் சரியான முடிவுதான். நெல் மூடை அடுக்கும் உலர்ந்த களஞ்சியத்துக்கு நன்றாக மட்டமடித்துத் தண்ணீர் விட்டு இறுகவைத்த கொங்கிறீற்று போதும். தூள் கிளம்புவது மட்டுமே குறையென்றால், சிலிக்கேற் வகைத் திரவ இறுக்கியைத் தரையில் ஊறவிடலாம். அது மேலே படலமாக நிற்பதில்லை. கொங்கிறீற்றிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து துளைகளை அடைக்கிறது. படலம் இல்லாதபடியால் உரிவதற்கும் ஒன்றுமில்லை. ஒயில், அமிலம், பால், மீன் கழிவு, இடைவிடாத கழுவல் ஆகியவை உள்ள இடங்களுக்கே பிசின் தரை உண்மையில் தேவைப்படுகிறது.

2. கடைக்காரர் எல்லாத்தையும் எப்பொக்சி எண்டுதான் சொல்லுறார். எத்தனை வகை இருக்கு?

எப்பொக்சியிலேயே தடிப்பை வைத்து நான்கு வகை சொல்லலாம். உருளையால் இரண்டு தடவை பூசும் மெல்லிய பூச்சு ஒரு மில்லிமீற்றரின் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. நடமாட்டத்துக்கும் கை வண்டிக்கும் அது போதும். அதைவிடத் தடித்த பூச்சு அரை மில்லிமீற்றர் அளவில் நிற்கும். தானே மட்டமாகப் பரவும் வகை 2 முதல் 3 மில்லிமீற்றர் வரை வார்க்கப்படுகிறது. கண்ணாடிபோல மின்னும் தொழிற்சாலைத் தரைகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. நான்காவது, குவாட்ஸ் மணலைப் பிசினில் குழைத்து மட்டக்கோலால் இழுக்கும் எப்பொக்சிச் சாந்து. 4 மில்லிமீற்றருக்கு மேல், பாரம் விழும் இடங்களுக்கு.

எப்பொக்சி அல்லாதவற்றில் முக்கியமானது பொலியூரிதேன் கொங்கிறீற்று. இதில் பொலியூரிதேன் பிசினோடு சீமெந்தும் மணலும் சேர்கின்றன. 4 முதல் 9 மில்லிமீற்றர் வரை போடப்படுகிறது. சூட்டையும் ஈரத்தையும் எப்பொக்சியைவிட நன்றாகத் தாங்குகிறது. விலையும் அதற்கேற்ப உயர்வு. மெதைல் மெதாக்கிரிலேற் என்ற இன்னொரு வகை ஒன்றிரண்டு மணித்தியாலங்களில் இறுகிவிடும். மணம் மிகக் கடுமை, எளிதில் தீப்பிடிக்கும். ஒரே இரவில் வேலையை முடித்துக் காலையில் கதவைத் திறக்கவேண்டியவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இதை நான் சொல்வதில்லை.

3. அப்ப எங்கட இடத்துக்கு எது சரி எண்டு எப்பிடி முடிவெடுக்கிறது?

நான்கு விடயங்களை எழுதிக்கொண்டு வந்தால் பாதி முடிவு தானாகவே வரும்: தரையில் என்ன உருள்கிறது, என்ன விழுகிறது, என்ன ஊற்றுப்படுகிறது, ஊற்றுப்படுவது எவ்வளவு சூடு. இவற்றில் முதலாவதைப் பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள். பத்துத் தொன் லொறியின் காற்று நிரப்பிய சில்லு தன் பாரத்தை அகலமாகப் பரப்பிவிடும். ஒரு தொன் ஏற்றிய கைப் பலற் வண்டியின் (சாமான் அடுக்கிய தட்டைத் தூக்கித் தள்ளும் வண்டி) சிறிய நைலோன் சில்லோ அந்தப் பாரம் முழுவதையும் விரல் அகலத்தில் அழுத்தும். மெல்லிய பூச்சை வெட்டிக் கிழிப்பது பெரும்பாலும் இந்தச் சின்னச் சில்லுதான். பலற் வண்டி நாள் முழுவதும் ஓடும் பாதைக்கு 2 மில்லிமீற்றருக்குக் குறைவாக எதுவும் போடவேண்டாம். அல்லது வண்டிச் சில்லுகளை மென்மையான பொலியூரிதேன் சில்லுகளாக மாற்றிவிடுங்கள், அது மலிவு.

இன்னொன்று எங்கள் ஊருக்கே உரியது. அறுவடைக் காலத்தில் லான்ட் மாஸ்ரரும் உழவு இயந்திரமும் நேரே ஆலைக்குள் வரும்; சில வேளைகளில் சேற்று வயலில் பூட்டிய இரும்புச் சில்லோடேயே வரும். இரும்புச் சில்லின் தகடுகளைத் தாங்கும் பிசின் தரை எதுவுமில்லை. இறக்கும் இடத்தைத் தடித்த கொங்கிறீற்றாகவே விட்டு, வாசலில் ஒரு கோடு கீறி, அதற்கு உள்ளே மட்டும் பிசின் போடுவது புத்தி. ஆலையில் கவனிக்கவேண்டிய இன்னொரு பொருள் உமி. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. கால்பட்டும் தும்புத்தடி பட்டும் அது மினுக்கமான மேற்பரப்பை ஓயாமல் அராவும். ஆகவே ஆலைத் தரைக்கு மினுக்கத்தைத் தேடாமல், மணல் தூவிய மங்கலான மேற்பரப்பைக் கேளுங்கள்.

4. நெல் அவிக்கிற பக்கத்துக்கும் எப்பொக்சியே போட்டால் செலவு குறையும்தானே?

குறையும், ஆனால் நிற்காது. அறைச் சூட்டில் இறுகும் எப்பொக்சி ஏறக்குறைய 50, 60 பாகை செல்சியஸில் மென்மையாகத் தொடங்குகிறது. அவியல் தொட்டியிலிருந்து வடியும் தண்ணீர் அதைவிடச் சூடு. நீராவி 100 பாகை. அதைவிட மோசமானது சூடும் குளிரும் மாறிமாறி வருவது. எப்பொக்சி கொங்கிறீற்றைவிடப் பல மடங்கு அதிகமாக விரிந்து சுருங்கும். கொதிநீர் பட்ட இடத்தில் உடனே பச்சைத் தண்ணீர் அடித்துக் கழுவினால் இரண்டும் ஒன்றையொன்று பிய்க்கும்.

பொலியூரிதேன் கொங்கிறீற்றின் விரிவு கொங்கிறீற்றின் விரிவுக்கு நெருக்கமானது. அவிக்கும் பகுதிக்கு 9 மில்லிமீற்றர், அதைச் சுற்றிய கழுவும் பகுதிக்கு 6 மில்லிமீற்றர், அரிசி பொதி செய்யும் உலர்ந்த பகுதிக்கு எப்பொக்சி என்று ஒரே ஆலையைப் பிரித்துப் போடுவதே உண்மையான சிக்கனம். பிரிக்கும்போது ஒரு விடயத்தைக் கட்டாயம் பாருங்கள். பொலியூரிதேன் கொங்கிறீற்று இறுகும்போது சிறிது சுருங்கும். ஆகவே அது முடியும் ஒவ்வொரு விளிம்பிலும், வடிகால் ஓரத்திலும், தூணைச் சுற்றியும் தரையின் தடிப்பைப்போல் இரு மடங்கு அகலமும் ஆழமும் உள்ள ஒரு காடி வெட்டி, சாந்தை அதற்குள் இறக்கவேண்டும். காடியில்லாத விளிம்பு சுருண்டு மேலெழும்.

5. பால், மீன் எண்டால் வெறும் தண்ணிதானே, சூடில்லையே. அதுக்கு என்ன?

சூடில்லை, ஆனால் அமிலம் உண்டு. சிந்திய பால் புளித்து இலற்றிக் அமிலமாகிறது. அது வெறுங் கொங்கிறீற்றை அரிக்கும், சாதாரண எப்பொக்சியையும் காலப்போக்கில் மங்கவைத்து மென்மையாக்கும். பால் நிலையங்களில் கான்களைச் சூடுநீரால் கழுவுவதும் வழக்கம். எனவே இங்கும் பொலியூரிதேன் கொங்கிறீற்றே என் தெரிவு. மீன் கொட்டகையில் உப்பும் பனிக்கட்டியும் சேர்கின்றன. உப்பு பிசினை ஒன்றும் செய்யாது. வெடிப்பு வழியாக இறங்கும் உப்புநீர் கீழே உள்ள கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து, துரு ஊதிக் கொங்கிறீற்றையே பிளக்கும்.

இத்தகைய இடங்களில் பிசினைவிடச் சரிவு முக்கியம். 80 அங்குலத்துக்கு 1 அங்குலமாவது வடிகாலை நோக்கிச் சரிய வேண்டும். தானே மட்டமாகும் எப்பொக்சியால் சரிவை உண்டாக்க முடியாது. கொங்கிறீற்றில் சரிவு இருந்தால்கூட அது வழிந்து பள்ளத்தில் தேங்கும். சுவரும் தரையும் சந்திக்கும் மூலையை 4 அங்குலம்வரை வளைவாக ஏற்றி முடித்தால் அழுக்குத் தங்காது.

6. பழைய சிவப்புக் காவித் தரை கல்லுப்போல இருக்கு. அதுக்கு மேலேயே போடலாமோ?

கல்போல இருப்பது மேல் ஒரு மில்லிமீற்றர் மட்டும். எங்கள் மேசன்மார் தரையை முடிக்கும்போது சீமெந்துத் தூளைத் தூவிக் காவியோடு மினுக்கி எடுப்பார்கள். பார்க்க அழகு, ஆனால் அந்தத் தோல் கீழேயுள்ள சாந்தோடு உறுதியாகப் பிணைந்திருப்பதில்லை. அதன்மேல் போடப்படும் பிசின் அந்தத் தோலைத்தான் பிடித்துக்கொள்ளும், தோல் கொங்கிறீற்றை விடும்போது இரண்டும் சேர்ந்து கிளம்பும். வைரத்தகட்டுக் கிறைண்டராலோ உருக்குக் குண்டுகளை வீசும் இயந்திரத்தாலோ அதை நீக்கி, உள்ளே இருக்கும் மணலும் கல்லும் தெரியும்வரை போகவேண்டும். கையால் தடவினால் சொரசொரப்பு உணரப்பட வேண்டும். அமிலம் ஊற்றிக் கழுவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மிஞ்சும் உப்பும் ஈரமும் பிறகு தொல்லை தரும்.

மேற்சாந்து கீழே பிடித்திருக்கிறதா என்று பார்க்க வாடகைக் கருவி ஒன்றும் தேவையில்லை. ஒரு கனமான போல்ற் ஆணியை எடுத்து அடிக்கு ஒரு தரம் தட்டிக்கொண்டு நடந்தால் சத்தமே சொல்லிவிடும். ‘டிங்’ என்று கேட்டால் நல்லது; ‘டொக்’ என்று வெறுமையாகக் கேட்டால் மேற்சாந்து கீழிருந்து விட்டிருக்கிறது. அந்த இடங்களைச் சோக்கால் வட்டமிட்டு உடைத்தெடுங்கள். அடுத்து, கிறைண்டர் பிடித்த இடத்தில் சில துளி தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் உறிஞ்சப்பட்டுக் கறுத்த பொட்டாக மாறினால் பிசினும் இறங்கும். துளி முத்துப்போல உருண்டு நின்றால் ஒயிலோ மெழுகோ இருக்கிறது.

கராச்சுத் தரைகளில் ஒயில் அங்குலக்கணக்கில் இறங்கியிருக்கும். மேலே கழுவி உலர்த்தினாலும், மறுநாள் வெயில் ஏறக் கறுப்பாக வியர்த்து வெளியே வரும். அப்படி வரும் இடத்தை வெட்டியெடுத்துப் புதிதாக நிரப்புவதைத் தவிர உறுதியான வழி எனக்குத் தெரிந்து இல்லை. கொங்கிறீற்றின் தரமும் ஒரு கணக்கு: 25 மெகாபஸ்கால் அமுக்க வலுவும், மேற்பரப்பை இழுத்துப் பார்த்தால் 1.5 மெகாபஸ்காலும் இருக்கவேண்டும் என்பது பிசின் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கேட்கும் அளவு.

7. தரைக்குள்ள ஈரம் இருக்கா எண்டு எப்பிடிப் பாக்கிறது? மேல காய்ஞ்சுதானே கிடக்கு.

மேலே காய்ந்திருப்பது ஒன்றுக்கும் சான்றல்ல. ஈரம் கீழிருந்து ஆவியாக வந்து காற்றோடு போய்க்கொண்டிருக்கும்வரை தரை உலர்ந்தே தோன்றும். பிசினால் மூடியவுடன் போக வழியில்லாமல் படலத்தின் அடியில் சேர்ந்து கொப்புளமாக ஊதும். இரணைமடுக் குளத்தின் கீழ் வாய்க்கால் பாயும் பகுதிகளிலும், வயலை நிரவிக் கட்டிய காணிகளிலும் இதுவே முதல் எதிரி. தரை வார்க்குமுன் அடியில் தடித்த பொலித்தீன் விரிக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. ஆனால் பழைய கட்டடங்களில் அது விரிக்கப்பட்டதா என்று சொல்ல ஆள் இருப்பதில்லை.

எளிய சோதனை இது: 18 அங்குலச் சதுரமான தெளிந்த பொலித்தீன் துண்டைத் தரையில் வைத்து நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் மூடி, குறைந்தது 16 மணித்தியாலம் விடுங்கள். எடுக்கும்போது பொலித்தீனின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, தரை அந்தச் சதுர அளவுக்குக் கறுத்திருந்தாலோ ஈரம் வருகிறது. ஒரே இடத்தில் செய்து திருப்திப்படாமல், நடுவிலும், சுவரோரத்திலும், பழைய வெடிப்புக்கு அருகிலும் செய்யுங்கள். இந்தச் சோதனையின் குறை என்னவென்றால், ஆடி ஆவணியில் செய்தால் நிலத்தடி நீர் இறங்கியிருக்கும். எல்லாம் நன்றாகத் தெரியும். மாரி மழை பெய்து கிணறுகள் நிரம்பியிருக்கும் காலத்தில் ஒரு தடவை செய்து பார்த்த தரைதான் சோதிக்கப்பட்ட தரை. ஈரமானி வைத்திருப்பவர்கள் எடையில் 4 வீதத்துக்கு மேல் காட்டினால் சாதாரண எப்பொக்சியை நிறுத்திவிடலாம். அப்படியான இடத்துக்கு ஈரந்தடுக்கும் விசேட எப்பொக்சி அடிப்பூச்சை முதலில் போடவேண்டும், அல்லது ஈரத்தைப் பொறுக்கும் பொலியூரிதேன் கொங்கிறீற்றுக்கு மாறவேண்டும்.

8. புதுசாக் கொங்கிறீற்றுப் போட்டு 28 நாள் முடிஞ்சுது. இனிப் போடலாம்தானே?

28 நாள் என்பது வலுவுக்கான கணக்கு. உலர்வதற்கான கணக்கு அல்ல. ஆறு அங்குலத் தரை, ஒரு பக்கமாக மட்டும் உலரும்போது, பல மாதங்கள் எடுக்கலாம். 28 நாள் ஆன பின்னரும் 7ஆம் கேள்வியின் சோதனையைச் செய்தே தீரவேண்டும். பொலியூரிதேன் கொங்கிறீற்று வகைகள் பல, 7 முதல் 10 நாள் வயதான கொங்கிறீற்றின் மீதும் போட அனுமதிக்கின்றன. அவசரக்காரருக்கு அதுவே வழி.

பிசின் போடும் எண்ணம் இருக்கிறதென்று கொங்கிறீற்று வார்க்கும் நாளிலேயே மேசனிடம் சொல்லிவிடுங்கள். சீமெந்துத் தூள் தூவி மினுக்கவேண்டாம். ஈரம் காக்க மெழுகு வகைத் திரவம் தெளிக்கவேண்டாம், ஈரச் சாக்குப் போதும். சவர்த் தண்ணீரால் குழைக்கவேண்டாம். பூநகரி, ஆனையிறவுப் பக்கத்தில் கடைசியாகச் சொன்னதுதான் கடினம். உப்புள்ள கொங்கிறீற்றுக்கு மேல் படலம் போட்டால் உப்பு கீழிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டொரு வருடத்தின் பின் சுண்டுவிரல் நுனி அளவில் நீர் நிறைந்த கொப்புளங்கள் தோன்றும். நல்ல தண்ணீரை பவுசரில் எடுப்பது தரை உரித்துப் போடுவதைவிட எவ்வளவோ மலிவு.

9. எந்த மாசத்திலை வேலை தொடங்கினால் நல்லது?

ஆலைக்காரர் ஐப்பசி, கார்த்திகையைக் கேட்பார்கள், ஏனென்றால் அப்போது ஆலை ஓய்ந்திருக்கும். ஆனால் வடகீழ்ப் பருவமழை கொட்டுவதும் அப்போதுதான். மாசி, பங்குனியில் காலபோக நெல் குவியும்; ஆவணி, புரட்டாதியில் சிறுபோக நெல் வரும். இடையில் வைகாசி தொடக்கம் ஆடி வரையான காலமே வன்னிக்குப் பொருத்தமானது. அந்தக் காலத்துக்கு ஒரேயொரு குறை சோளகக் காற்று: ஈரமான பிசின்மேல் செம்மண் தூசியைக் கொண்டுவந்து ஒட்டும். காற்றுப் பக்கத்து வாசல்களைத் தறப்பாளால் கட்டிவிட்டு, சுற்றுப்புற நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு வேலை தொடங்குங்கள்.

நாளில் எந்த நேரம் என்பதும் அதேயளவு முக்கியம். காலையில் தரை சூடேறும்போது கொங்கிறீற்றின் துளைகளில் உள்ள காற்று விரிந்து, அப்போதுதான் பூசிய பிசினைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். ஊசி குத்தியதுபோல் ஆயிரம் துளைகள். தரையின் சூடு இறங்கத் தொடங்கும் பிற்பகலில் அடிப்பூச்சைப் பூசினால் காற்றுச் சுருங்கிப் பிசினைத் தன்பக்கம் இழுக்கும். ஆனால் நேரத்தை இரவுவரை இழுக்கக்கூடாது. தரையின் வெப்பநிலை, காற்றின் பனிபடுநிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 பாகையாவது கூட இருக்கவேண்டும். காற்று 30 பாகை, ஈரப்பதன் 80 வீதம் என்றால் பனிபடுநிலை ஏறக்குறைய 26 பாகை. தரை 29 பாகைக்குக் குறைந்தால் நிறுத்துங்கள். மீறினால் இறுகிய பிசினின் மேல் எண்ணெய்போல் ஒரு வெண்படலம் படியும். அதைக் கழுவாமல் அடுத்த பூச்சைப் போட்டால் இரண்டும் ஒட்டாது.

10. கலந்து பத்து நிமிசத்திலை வாளிக்குள்ளேயே புகைச்சுக் கல்லாப் போச்சு. சாமான் பழுதோ?

பழுதல்ல, சூடு. பிசினும் இறுக்கியும் வினைபுரியும்போது தாமே வெப்பத்தை வெளிவிடும். வாளிக்குள் குவிந்திருக்கும்போது அந்த வெப்பம் போக வழியில்லாமல் வினையை இன்னும் விரைவாக்கும். வெப்பநிலை 10 பாகை கூடினால் கையாளும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். டின்னில் எழுதியிருக்கும் நேரம் பெரும்பாலும் 20 பாகைக்கு உரியது. தகரக் கூரையின் கீழ் நண்பகலில் அதை நம்பமுடியாது. டின்களை முதல் நாளே நிழலில் வைத்து, சிறிது சிறிதாகக் கலந்து, கலந்தவுடன் தரையில் நாடாபோல் ஊற்றிவிடுங்கள். வேலை செய்வோர் இருவர் மட்டுமென்றால் ஒரு தடவையில் ஒரு வாளிக்கு மேல் கலக்கவேண்டாம். இறுகத் தொடங்கிய சாமானுக்குத் தின்னர் ஊற்றி இளக்குவது தரையைக் கெடுக்கும்.

11. ஒப்பந்தகாரர் சொன்ன தடிப்பிலைதான் போடுறாரோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?

ஒரேயொரு கணக்கு போதும்: ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் பரப்பினால் தடிப்பு ஒரு மில்லிமீற்றர். 1000 சதுர அடி என்பது 93 சதுர மீற்றர். 0.3 மில்லிமீற்றர் பூச்சுக்கு 28 லீற்றர் வேண்டும். 2 மில்லிமீற்றருக்கு 186 லீற்றர், அதாவது லீற்றர் ஒன்றரைக் கிலோ நிறையுள்ள சாமானாயின் 280 கிலோ அளவில். அடிப்பூச்சு இதில் சேராது. கரைப்பான் கலந்த சாமானில் பாதி ஆவியாகுமென்றால் இரு மடங்கு வாங்கவேண்டும். கணக்கை முதலே எழுதிவைத்து, வேலை முடிந்த நாளில் வெற்று டின்களை எண்ணுங்கள். விலைமனுவில் ‘இரண்டு கோட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்து, மில்லிமீற்றரில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

12. வெடிப்பையும் மூட்டையும் மூடி ஒரே பாளமாப் போட்டால் வடிவாத்தானே இருக்கும்?

சில மாதங்களுக்கு வடிவாக இருக்கும். கட்டடத்தின் விரிவு மூட்டு தொடர்ந்து அசைவது. அதை அப்படியே பிசின் தரையிலும் கொண்டுவந்து நெகிழும் பசையால் நிரப்பவேண்டும். கொங்கிறீற்றில் வாள் வெட்டிய சுருக்க மூட்டுகள் பழைய தரையில் அசைவு ஓய்ந்திருக்கலாம். அவற்றைப் பாதி இறுகிய தன்மையுள்ள பொலியூரியா என்ற பிசினால் நிரப்பினால் பலற் வண்டிச் சில்லு விளிம்பை உடைக்காது. வெடிப்பு அசைகிறதா என்று அறிய, அதன்மேல் ஒரு சிறு கண்ணாடித் துண்டை இரு பக்கமும் ஒட்டி ஒரு மழைக்காலம் விடுங்கள், உடைந்தால் அசைகிறது.

முருங்கன் பக்கத்துக் கரிசல் களிமண் நனைந்தால் ஊதும், காய்ந்தால் பிளக்கும். அந்த மண்ணில் நேரே வார்த்த தரை வருடந்தோறும் அசையும். எந்தப் பிசினும் அதை நிறுத்தாது. முதலில் அடிநிலத்தைச் சரிசெய்யவேண்டும், இல்லையேல் கொங்கிறீற்றோடு நிற்கவேண்டும்.

13. ஈரத்திலை வழுக்காதோ?

மினுக்கமான எப்பொக்சி நனைந்தால் வழுக்கும். தவிடோ மீன் செதிலோ சேர்ந்தால் இன்னும் மோசம். ஈரமான பூச்சில் குவாட்ஸ் மணலைத் தாராளமாகத் தூவி, இறுகிய பின் மிஞ்சியதைக் கூட்டி, மேலே ஒரு மெல்லிய பூச்சால் மூடுவார்கள். மணல் பருக்கப் பருக்கக் கால் பிடிக்கும், கழுவுவது கடினமாகும். இரண்டு மூன்று மாதிரிப் பலகைகளைச் செய்வித்து, தண்ணீர் ஊற்றி, வேலைக்காரர் போடும் அதே செருப்போடு ஏறிப் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள்.

14. வாசல் பக்கம் மட்டும் மஞ்சளாகுது. ஏமாத்திப்போட்டினமோ?

இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் எப்பொக்சி மஞ்சளாகும், பின் மாவாகும். வலு உடனே குறைவதில்லை. வெயில் விழும் பகுதிக்கு அலிபற்றிக் பொலியூரிதேன் மேற்பூச்சைக் கேளுங்கள், அல்லது மஞ்சள் தெரியாத கடுஞ் சாம்பல் நிறத்தைத் தெரிவுசெய்யுங்கள்.

15. எப்ப லொறி ஏத்தலாம்? வேலை நடக்கேக்கை அரிசி உள்ளுக்கு இருந்தால் பரவாயில்லையோ?

எப்பொக்சியில் பொதுவாக ஒரு நாளில் நடக்கலாம், இரண்டு மூன்று நாளில் கை வண்டி தள்ளலாம், பாரமும் இரசாயனமும் 7 நாளுக்குப் பிறகே. பொலியூரிதேன் கொங்கிறீற்று ஒன்றிரண்டு நாளில் பாரம் தாங்கும். அரிசியைக் கட்டாயம் வெளியே எடுங்கள். அது மணத்தை விரைவாக உறிஞ்சும், 2ஆம் கேள்வியில் சொன்ன மெதைல் மெதாக்கிரிலேற் என்றால் கேட்கவே வேண்டாம்.

வேலை செய்பவர்களின் உடம்பும் கணக்கில் வரவேண்டும். இறுகாத எப்பொக்சி தொடர்ந்து தோலில் பட்டால் ஒவ்வாமை பிடிக்கும். பிடித்த பின் வாழ்நாள் முழுவதும் போகாது, கிட்டப் போனாலே சொறியும். நைத்திரில் கையுறை வேண்டும். கையில் பட்டதைத் தின்னரால் துடைக்காமல் சவர்க்காரத்தால் கழுவவேண்டும். கிறைண்டர் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். தூள் உறிஞ்சியும் தகுந்த முகமூடியும் இல்லாமல் மூக்கில் சாரத்துணி கட்டிக்கொண்டு வேலை தொடங்குபவரை நிறுத்துங்கள்.

16. போன வருசம் போட்டது அங்கங்கை உரிஞ்சுபோச்சு. அந்த இடத்துக்கு மட்டும் திரும்பப் பூசினால் சரியோ?

பூசுவதற்கு முன் உரிந்த துண்டு ஒன்றை எடுத்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அடியில் சாம்பல் தூளோ மெல்லிய சீமெந்துத் தோலோ ஒட்டியிருந்தால் பிசின் பிடித்திருக்கிறது, கொங்கிறீற்றுத்தான் விட்டிருக்கிறது. 6ஆம் கேள்வியில் சொன்ன தோல் நீக்கப்படவில்லை. அடிப்பக்கம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் ஒயில் அல்லது மெழுகின் மேல் பூசியிருக்கிறார்கள். ஈரமாகவோ வெள்ளை உப்புப் படிந்தோ இருந்தால் 7ஆம், 8ஆம் கேள்விகளின் விவகாரம். உரிந்த இடத்தில் கொங்கிறீற்றே தெரியாமல் முதற் பூச்சு தெரிந்தால், இரண்டு பூச்சுகளுக்கிடையில் அதிக நாள் விட்டிருக்கிறார்கள், அல்லது 9ஆம் கேள்வியின் வெண்படலத்தைக் கழுவவில்லை. ஒப்பந்தகாரரோடு பேசப் போகும்போது சத்தம் போடுவதைவிட இந்தத் துண்டைக் கையில் கொண்டுபோவது பயன் தரும்.

கடைசிக் காரணமென்றால் முழுவதையும் உரசிச் சொரசொரப்பாக்கி மேலே ஒரு பூச்சுப் போட்டால் சரிவரும். ஒயிலோ தோலோ ஓரிடத்தில் மட்டும் என்றால் சுற்றிலும் தட்டிப் பார்த்து, நல்ல சத்தம் கேட்கும் இடத்துக்கும் ஒரு கை அகலம் அப்பால் வாளால் நேர்க்கோட்டில் வெட்டிச் சதுரமாக எடுத்து, கொங்கிறீற்றுவரை கிறைண்டர் பிடித்து நிரப்புங்கள். உரிந்த விளிம்பை அப்படியே வைத்துப் பூசினால் அந்த விளிம்பிலிருந்தே மீண்டும் கிளம்பும். ஈரம் என்றால் ஒட்டுப்போடும் பேச்சே வேண்டாம். அடுத்த மாரி வரை பொறுத்து, கொப்புளம் எத்தனை இடத்தில் வருகிறதென்று சோக்கால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பை வைத்துத்தான் எவ்வளவு தரையை எடுப்பது என்று தீர்மானிக்கலாம்.